ஆறாயிரம் ரூபாயில் நின்றுபோகும் பொறுப்பு

2023 டிசம்பர் 30 அதிகாலை, புதுக்கோட்டை மாவட்டம் நமணசமுத்திரத்தில் சிமென்ட் மூட்டைகளுடன் வந்த லாரி ஒன்று சாலையோர டீக்கடைக்குள் புகுந்தது. திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து கோயில் யாத்திரை வந்த பக்தர்கள் டீ குடிக்க நின்றிருந்த இடம் அது. 5 பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். கடை நொறுங்கியது, நின்றிருந்த வாகனங்களும் சேதமடைந்தன.

இப்படி ஒரு விபத்து நடந்ததும் வேகத்தைப் பற்றியும், ஓட்டுநரின் தூக்கத்தைப் பற்றியும், சாலையின் அமைப்பைப் பற்றியும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அந்த வீடுகளில் இன்னொரு கேள்வி எழும்: யார் பணம் தருவார்கள், எவ்வளவு வரை தருவார்கள்?

அதற்கான பதில் விபத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. பாலிசி எடுத்த அன்று, எவரும் படிக்காத ஓர் அட்டவணையில் அது இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலானோருக்கு வாகனக் காப்பீடு என்பது செக்கிங்கில் போலீஸிடம் காட்டும் தாள். கோர்ட்டில் அந்தத் தாள் எதுவரை தாங்கும் என்று பார்த்து வாங்குபவர்கள் மிகக் குறைவு.

உயிருக்கு வரம்பில்லை

முதலில் நல்ல செய்தி. மோட்டார் வாகனச் சட்டப்படி 'தேர்டு பார்ட்டி' காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் சாலைக்கு வரக் கூடாது. நடந்து போனவர், எதிரே பைக்கில் வந்தவர், கடை வாசலில் நின்றவர் என வெளியாள் ஒருவர் நம் வண்டியால் இறந்தாலோ காயமடைந்தாலோ, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எவ்வளவு விதித்தாலும் காப்பீட்டு நிறுவனம் கட்ட வேண்டும். 10 லட்சமானாலும் 1 கோடியானாலும் அதுதான் சட்டம்.

இந்தப் பாதுகாப்பு கைநழுவும் நிலை ஒருமுறை வந்தது. 2016-இல் நாடாளுமன்றத்தில் அறிமுகமான திருத்த மசோதா, மரணத்துக்கு 10 லட்சம், கொடுங்காயத்துக்கு 5 லட்சம் என நிறுவனங்களின் பொறுப்புக்கு உச்சவரம்பு வைக்கப் பார்த்தது. எதிர்ப்பு எழுந்தது. 2019-இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த உச்சவரம்பு இடம்பெறவில்லை.

அந்த உச்சவரம்பு நிறைவேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். கீரமங்கலத்தில் பூ வியாபாரம் செய்யும் 32 வயதுக்காரர் ஒருவர், மாத வருமானம் 20,000 ரூபாய், அவரை நம்பி வீட்டில் 4 பேர் என்று வைத்துக்கொள்வோம். உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்த முறைப்படி, எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும். 28,000 ஆகும். அவரது சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. அவர் வயதுக்கு உரிய பெருக்கல் எண் 16. மொத்தம் 40,32,000 ரூபாய்.

அரசுச் சம்பளக்காரர் என்றால் இது எளிதாக இரட்டிப்பாகும். 10 லட்சம் உச்சவரம்பு இருந்திருந்தால், மீதி 30 லட்சத்துக்கு அந்தக் குடும்பம் வண்டிக்காரரின் வீட்டு வாசலில் நின்றிருக்க வேண்டும், அவரிடமும் இருந்திருக்காது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இன்றும் இதுதான் நிலை. கலிபோர்னியாவில் ஒருவருக்கு ஏற்படும் காயத்துக்கான குறைந்தபட்ச வரம்பு 15,000 டாலராக இருந்து, 2025 ஜனவரியில்தான் 30,000 ஆனது. அதற்கு மேல் வேண்டுமென்றால் வண்டிக்காரரே கூடுதல் பணம் கட்டி வரம்பை உயர்த்திக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் ஏழைக்கு அதிகம் இரங்கியிருக்கிறது.

இந்த வரம்பற்ற பாதுகாப்புக்கு 2022 ஜூன் 1 முதல் மத்திய அரசு வைத்த ஆண்டுக் கட்டணம், வரி நீங்கலாக, 1000 சிசி வரையிலான காருக்கு 2,094 ரூபாய். 1500 சிசி வரை 3,416. 150 சிசி வரையிலான சாதாரண பைக்குக்கு 714. வரியைச் சேர்த்தாலும் பைக்குக்கு நாளொன்றுக்கு இரண்டரை ரூபாய்கூட வராது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இந்தப் பகுதி ஒன்றேதான். ஆகவே, 'எங்கே எடுத்தால் என்ன, எல்லாம் ஒன்றுதானே' என்று மக்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். தவறு அங்கே தொடங்குகிறது.

நூறு ரூபாய்த் தள்ளுபடி

உயிருக்கு வரம்பில்லை, சொத்துக்கு உண்டு. நம் வண்டி இன்னொருவரின் காரை, கடையை, மதிலை, மாட்டை இடித்தால் காருக்கும் சரக்கு வாகனத்துக்கும் 7.5 லட்சம் ரூபாய் வரை, இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சம் வரை நிறுவனம் கொடுக்கும். அதற்கு மேல் போனால் வண்டி உரிமையாளரின் சொந்தப் பணம்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. 1988-இல் சட்டம் எழுதியபோது சொத்துச் சேதத்துக்கு வைத்த தொகை 6,000 ரூபாய். 'எனக்கு அந்த 6,000 போதும்' என்று எழுதிக்கொடுத்தால் பிரீமியத்தில் தள்ளுபடி தரும் வழக்கம் கட்டண விதிகளில் நுழைந்து, இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தள்ளுபடி எவ்வளவு? காருக்கு 100 ரூபாய், பைக்குக்கு 50 ரூபாய். நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, 7.5 லட்சத்தை 6,000 ஆகச் சுருக்கிக்கொள்ளும் இந்த வியாபாரத்தை விவரம் தெரிந்த எவரும் செய்யமாட்டார்கள். விவரம் தெரியாதவர்கள் செய்கிறார்கள். அல்லது அவர்கள் பெயரில், 'மலிவாகப் போட்டுத் தருகிறேன்' என்று வேறொருவர் செய்துவிடுகிறார்.

6,000 ரூபாயில் இன்று என்ன செய்ய முடியும்? புதிய கார் ஒன்றின் முன்விளக்கு ஒன்றைக்கூட மாற்ற முடியாது. ஒரு டீக்கடையின் பாய்லரும் கண்ணாடி அலமாரியும் தகரக் கூரையும் அதில் திரும்பி வராது. சட்டத்தின் பார்வையில் சொத்து என்பது சாலை, பாலம், சிறுபாலம், மரம், கம்பம், மைல்கல் வரை நீளும். ஒரு மின்கம்பத்தைச் சாய்த்துவிட்டு மின்வாரியம் போடும் பில்லைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சொத்து ஜல்லிக்கட்டுக் காளை. தமிழகத்திலேயே அதிக வாடிவாசல்கள் உள்ள மாவட்டம் என்று பெருமை பேசுகிறோம். தை பிறக்கும் முன்பே பயிற்சிக்காக விடிகாலையில் சாலையோரம் காளையை நடத்திக் கூட்டிப்போகிறார்கள். லட்சங்களில் விலை பேசப்படும் அந்தக் காளைமேல் மோதினால், உரிமையாளர் கேட்கும் இழப்பீடு இந்த வரம்புக்குள்தான் வரும். ஊர்ப் பஞ்சாயத்தில் அது 6,000 ரூபாயில் முடியாது.

காருக்குள் இருப்பவர் யார்?

எனக்கு அதிகக் கவலை தருவது சொத்து அல்ல, காருக்குள் அமர்ந்திருக்கும் நம் வீட்டு மனிதர்கள்.

கார் வாங்கிப் பத்து வருடம் ஆகிவிட்டால், 'இனி எதற்கு ஃபுல் இன்சூரன்ஸ், தேர்டு பார்ட்டி போதும்' என்பது பொதுப் புத்தி. வண்டியின் மதிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஆனால், பிள்ளையார்பட்டிக்கோ வேளாங்கண்ணிக்கோ குடும்பத்துடன் போய்த் திரும்பும்போது அந்தக் கார் சாலையோரப் புளியமரத்தில் மோதினால்? எதிர் வண்டி என்று ஒன்று இல்லை. இழப்பீடு கேட்பதென்றால் சொந்தக் காரின் பாலிசியிடம்தான் கேட்க வேண்டும். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில், காருக்குள் சும்மா கூட வந்த உறவினரும் நண்பரும் மூன்றாம் நபராகக் கருதப்படுவதில்லை. பைக்கில் பின்னால் அமர்ந்தவருக்கும் இதே கதிதான். 2006-இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசி இருந்தால் கதை வேறு. காரில் பயணிப்பவர்களும் பைக்கின் பின்னால் அமர்ந்தவரும் அதில் அடக்கம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் சுற்றறிக்கை அனுப்பியது. 2012-இல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பெயின்ட்டுக்கும் பம்பருக்கும் என்று நினைத்து நாம் நிறுத்திவிடும் பாலிசியில்தான், பின்னிருக்கையில் இருக்கும் அம்மாவின் பாதுகாப்பும் இருக்கிறது.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட 'பம்பர் டு பம்பர்' உத்தரவு பலருக்கு நினைவிருக்கும். செப்டம்பர் 1 முதல் விற்கும் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் 5 ஆண்டு முழுக் காப்பீடு கட்டாயம் என்றது அது. விற்பனையாளர்கள் பதறினார்கள், நிறுவனங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்றன, செப்டம்பரிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதன் பின்னால் இருந்த வழக்கு மட்டும் மறந்துபோனது. காரில் பயணித்து இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு ஈரோடு தீர்ப்பாயம் 14 லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு வழங்கியிருந்தது. பாலிசி தேர்டு பார்ட்டி மட்டும்தான், காருக்குள் இருந்தவருக்குப் பொருந்தாது என்று நிறுவனம் மேல்முறையீடு செய்தது. சட்டம் நிறுவனத்தின் பக்கம் இருந்தது. நீதிமன்றம் எழுதிய மருந்து தவறாக இருக்கலாம். கண்டறிந்த நோய் உண்மையானது.

மூன்றாவது ஆள் ஏறினால்

சரக்கு வண்டிகளின் கதை இன்னும் கடுமையானது. காதுகுத்துக்கு டாட்டா ஏஸில் இருபது பேர், திருவிழாவுக்கு டிராக்டர் டிரெய்லரில் ஒரு தெருவே, வாடிவாசலுக்குக் காளையுடன் பத்து இளைஞர்கள் என்று போவது இங்கே அன்றாடக் காட்சி.

1994-இல் வந்த திருத்தத்தின்படி சரக்கு வாகனத்தில் சரக்கின் சொந்தக்காரரோ அவரது பிரதிநிதியோ போனால் காப்பீடு உண்டு. அவரும் ஓட்டுநர் அறையில் இருந்தாக வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. மற்ற பயணிகளுக்குக் கிடையாது, 2002-இல் ஆஷா ராணி வழக்கின் தீர்ப்பு அது. காளையின் சொந்தக்காரர் முன்னால் அமர்ந்தால் அவருக்குப் பாதுகாப்பு. பின்னால் கயிற்றைப் பிடித்து நிற்கும் தம்பிகளுக்கு எந்தப் பாலிசியும் இல்லை. வண்டி கவிழ்ந்தால் வண்டிக்காரர்தான் கட்ட வேண்டும். கந்தர்வகோட்டைப் பக்கம் இரண்டு ஏக்கர் முந்திரிக்காடும் ஒரு ஏஸ் வண்டியும் மட்டுமே சொத்தாக உள்ளவருக்கு அது ஜப்தியில் போய் முடியும்.

ஓன் போர்டு காரை முகூர்த்த நாளில் வாடகைக்கு விடுவதும் இதே ஆபத்துதான். சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த பாலிசியின் நிபந்தனை அங்கே முறிகிறது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினாலும் அப்படித்தான். பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயங்கள் நிறுவனத்துக்கு உத்தரவிடுவது உண்டு. கொடுத்த பணத்தை நிறுவனம் உரிமையாளரிடம் கேட்காமல் விடாது.

சிங்கப்பூரில் அப்பா, ஸ்டீயரிங்கில் மகன்

வண்டி உரிமையாளரே ஓட்டி இறந்தால்? தன் தவறால் இறந்தவரின் குடும்பம், தன் வண்டியின் தேர்டு பார்ட்டி காப்பீட்டில் இழப்பீடு கேட்க முடியாது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கர்நாடக வழக்கு ஒன்றில் இதை மீண்டும் உறுதிசெய்தது. அதற்காகத்தான் உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறது. பைக்குக்கு 1 லட்சம், காருக்கு 2 லட்சம் என்று கிடந்த அந்தத் தொகை 2018-இல் 15 லட்சமாக உயர்ந்தது. அதற்கு வித்திட்டதும் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓர் உத்தரவுதான்.

இதில் நம் ஊர்க் குடும்பங்கள் கவனிக்காத ஓர் ஓட்டை உண்டு. 15 லட்சம் ஆர்.சி. புத்தகத்தில் பெயருள்ள உரிமையாளருக்கு மட்டும். அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார், வண்டி அவர் பெயரில் இருக்கும், ஓட்டுபவர் மகன். அந்த மகன் தானாக மோதி இறந்தால் அவர் உரிமையாளரும் இல்லை, மூன்றாம் நபரும் இல்லை. வண்டியை இரவல் வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில்தான் வைத்துப் பார்க்கப்படுவார் என்று 2020-இல் ராம்கிலாடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அறந்தாங்கியிலும் மீமிசலிலும் கோட்டைப்பட்டினத்திலும் எத்தனை வீடுகளில் வண்டியின் ஆர்.சி. வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று, வண்டியை ஓட்டுபவர் பெயருக்கு மாற்ற வேண்டும். அல்லது மகனுக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும்.

விற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கொடுத்துவிட்டு, பெயர் மாறியதா என்று பார்க்காமல் விட்டால், அந்த வண்டி செய்யும் விபத்துக்குப் பதிவேட்டில் உள்ளவரே பொறுப்பு. 2018-இல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது.

என்ன செய்யலாம்?

நாட்டில் ஓடும் வாகனங்களில் பாதிக்கு மேல் காப்பீடே இல்லை என்று நாடாளுமன்ற நிலைக்குழு கவலை தெரிவித்திருக்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000. பைக்கின் ஆண்டு பிரீமியத்தைவிட அபராதம் அதிகம் என்றாலும், பிடிபடாத நாள்களே அதிகம் என்பதால் துணிகிறார்கள். புது வண்டிக்கு ஆரம்பத்திலேயே காருக்கு 3 ஆண்டு, பைக்குக்கு 5 ஆண்டு சேர்த்துக் காப்பீடு கட்டும் முறை 2018 செப்டம்பரில் வந்தது. கோவை எலும்பு முறிவு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின் பலன் அது. சிக்கல், அந்த ஆண்டுகள் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. முடியப்போகிறது என்று வாகன் பதிவேட்டிலிருந்து உரிமையாளரின் கைப்பேசிக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது அரசுக்குப் பெரிய வேலை அல்ல.

6,000 ரூபாய் என்ற தெரிவைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அடியோடு எடுத்துவிட வேண்டும். 1988-இன் தொகையை இன்றும் விற்பனைக்கு வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. 7.5 லட்சமும் இன்றைய கார் விலைக்குப் போதாது. கொஞ்சம் கூடுதல் கட்டணத்தில் 25 லட்சம் வரை உயர்த்திக்கொள்ளும் வசதி வந்தால் எடுப்பதற்கு ஆள் இருக்கிறது.

ஒவ்வொரு பாலிசியின் முதல் பக்கத்திலும் தமிழில் நான்கு வரி இருக்க வேண்டும்: வெளியாளின் உயிருக்கு எவ்வளவு, வெளியாளின் சொத்துக்கு எவ்வளவு, உள்ளே இருப்பவருக்கு உண்டா இல்லையா, ஓட்டுபவருக்கு எவ்வளவு. நாற்பது பக்க ஆங்கில நிபந்தனைகளைவிட இது பயன்படும்.

மாவட்ட நிர்வாகம் தச்சங்குறிச்சியில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு தொடங்கும் முன்பே, காளைகளுக்குத் தகுதிச் சான்று வழங்கும் இடத்தில், காளை வண்டியில் யார் ஏறலாம், யார் ஏறக் கூடாது என்று ஒரு பலகை வைக்கலாம். டிஎன்-55 பதிவெண் வழங்கும் அலுவலகத்தில், எஃப்.சி. எடுக்க வரும் சரக்கு வண்டிக்காரர்களுக்கும் அதையே சொல்லலாம்.

வாசகர்கள் செய்ய வேண்டியது இதைவிட எளிது. பாலிசியை எடுத்து அட்டவணைப் பக்கத்தைத் திறங்கள். சொத்துச் சேதத்துக்கு எதிரே 6,000 என்று இருந்தால், அடுத்த புதுப்பிப்பில் 100 ரூபாய் கூடக் கட்டி அதை மாற்றச் சொல்லுங்கள். பழைய கார் என்றாலும் அதில் குடும்பத்தை ஏற்றுகிறீர்கள் என்றால் பேக்கேஜ் பாலிசியை நிறுத்தாதீர்கள். வண்டியின் வயது காரணமாக அது கிடைக்காவிட்டால், பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால் அவருக்கான பகுதியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் 'எல்லாம் இருக்கு அண்ணே' என்று சொன்னால், எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.